பிங்க் ஃபிளாய்டின் தலைசிறந்த பாடல் எது? ரசிகர்கள் விடாமல் கேட்கும் கேள்விகள்

பிங்க் ஃபிளாய்டு ரசிகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும், தேநீர் ஆறுவதற்குள் பட்டியல் வந்துவிடும். உன் முதல் பத்து என்ன, முதலிடம் எதற்கு, அதை ஏன் ஏழாவதாக வைத்தாய் என்று பேச்சு சூடுபிடிக்கும். பல வருடங்களாக இந்தச் சண்டையில் நானும் ஒரு கட்சி. அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள், எனக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு.

இந்தக் குழுவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சண்டை புரிய என்ன தெரிந்திருக்க வேண்டும்?

1965-இல் லண்டனில் உருவான ராக் இசைக்குழு. கிட்டார் வாசித்துப் பாடியவர் சிட் பாரெட். பாஸ் கிட்டார் ரோஜர் வாட்டர்ஸ், கீபோர்டு ரிச்சர்ட் ரைட், டிரம்ஸ் நிக் மேசன். தொடக்க காலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் பாரெட்தான். அவருடைய மனநிலை சீர்குலைந்ததால் 1968-இல் குழுவைவிட்டு விலகினார். அதற்குச் சற்று முன்பே டேவிட் கில்மோர் கிட்டாருக்கு வந்துவிட்டார். 1970-களின் பெரிய ஆல்பங்கள் எல்லாம் வாட்டர்ஸ், கில்மோர், ரைட், மேசன் நால்வரும் செய்தவை. 1985-இல் வாட்டர்ஸ் பிரிந்தார். குழுவின் பெயர் யாருக்கு என்று வழக்கு வரை போனது. அதன் பிறகு கில்மோர் தலைமையில் குழு தொடர்ந்தது.

ஆக, ஒரே பெயரில் மூன்று குழுக்கள் இருந்தன என்றே சொல்லலாம். ஒருவர் போடும் பட்டியலைப் பார்த்தால், அவர் மனத்தில் இருப்பது எந்தக் குழு என்று தெரிந்துவிடும்.

மற்ற குழுக்களுக்குப் பட்டியல் போடுவது எளிதாக இருக்கிறதே, இவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

எதை ஒரு பாடல் என்று எண்ணுவது என்பதிலேயே தகராறு இருப்பதால். "ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்" ஒன்பது பாகங்கள் கொண்டது, மொத்தம் ஏறக்குறைய 26 நிமிடம். 1975-இல் வந்த "விஷ் யூ வேர் ஹியர்" ஆல்பத்தின் தொடக்கத்தில் ஐந்து பாகமும் முடிவில் நான்கு பாகமுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதை ஒன்று என்பதா, இரண்டு என்பதா? முதல் ஐந்து பாகத்தை மட்டும் கேட்டுவிட்டு மதிப்பெண் போடுகிறவர்களே அதிகம். அதனால் ஒன்பதாம் பாகத்தை, ரைட் தனியாக இயற்றிய அந்தக் கடைசிப் பகுதியை, முழுதாகக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அதன் இறுதியில், இசை தேய்ந்து மறையும் நேரத்தில், பாரெட் 1967-இல் எழுதிய "சீ எமிலி ப்ளே" பாட்டின் மெட்டை ரைட் ஒரு கணம் வாசித்துவிட்டு நிறுத்துவார். முழுப் பாடலும் பாரெட்டை நினைத்து எழுதப்பட்டது. அந்த ஒரு கணத்தைக் கேட்காதவர் இந்தப் பாட்டுக்கு எந்த இடத்தைக் கொடுத்தாலும் எனக்குச் செல்லாது.

1973-இல் வந்த "த டார்க் சைட் ஆஃப் த மூன்" இன்னும் மோசம். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது அதனுள் நுழைந்துவிடும். "டைம்" பாட்டின் கடைசிப் பகுதி, "பிரீத்" என்ற முந்தைய பாட்டின் மறுவருகை. "பிரெயின் டேமேஜ்", "எக்லிப்ஸ்" இரண்டையும் பிரித்துக் கேட்பது வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவது போல. ஃபோனில் வரிசையைக் கலைத்துப் போட்டு இந்த ஆல்பத்தைக் கேட்கிறவர்களோடு நான் பட்டியல் பேசுவதே இல்லை.

என் விதி இது: ஒரு கருத்துக்காகச் சேர்த்து இயற்றியது எத்தனை துண்டாக இருந்தாலும் ஒரே பாட்டு. "ஷைன் ஆன்" ஒன்று. "அனதர் பிரிக் இன் த வால்" மூன்று பாகமும் வெவ்வேறு, ஏனென்றால் "த வால்" ஆல்பம் சொல்லும் கதையில் அவை மூன்று வெவ்வேறு நேரத்தில் வருகின்றன.

சரி, முதலிடம் எதற்கு?

"எக்கோஸ்". 1971-இல் வந்த "மெடில்" ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் இந்த ஒரே பாட்டுதான், இருபத்துமூன்றரை நிமிடம்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில் நால்வரும் கையில் பாட்டு எதுவும் இல்லாமல்தான் ஸ்டுடியோவுக்குள் போனார்கள். ஆளுக்கொரு துணுக்கை வாசித்துப் பதிவு செய்தார்கள். அந்தத் துணுக்குகளுக்கு "ஒன்றுமில்லை" என்ற பொருளில் பெயர் வைத்து எண்ணிட்டார்கள். அப்படிக் கிடைத்ததுதான் முதல் ஒலி. பியானோவின் உச்சத்தில் ஒரே ஒரு சுரத்தை ரைட் தட்ட, அது சுழலும் ஒலிபெருக்கி வழியாக வந்து, தண்ணீருக்கடியில் யாரோ மணியைத் தட்டியது போல ஒலித்தது. அந்த ஒரு சொட்டிலிருந்து மொத்தப் பாட்டும் வளர்கிறது.

பிறகு கில்மோரும் ரைட்டும் சேர்ந்து பாடுகிறார்கள். இரண்டு குரலும் எங்கே பிரிகின்றன என்று கண்டுபிடிக்க முடியாது. தெருவில் எதிரெதிரே நடந்துபோகும் முன்பின் தெரியாத இருவரின் பார்வை தற்செயலாகச் சந்திக்கிறது, எதிரில் இருப்பவரில் தன்னையே காண்கிறார்கள் என்பது வாட்டர்ஸ் எழுதிய வரிகளின் சாரம். பின்னாளில் அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் விதை இதில்தான் விழுந்தது என்பது என் எண்ணம். நடுவில் தாளம் இறுகி ஆட்டம் போட வைக்கும் ஒரு பகுதி. அதுவும் கரைந்து, காற்றும் காக்கை இரைச்சலும் அலறலுமாக ஒரு பாழ்வெளி வருகிறது. கடற்பறவை கத்துவது போன்ற அந்த ஒலி, கில்மோரின் வா-வா பெடலில் (கிட்டார் ஒலியை வளைக்கும் கால்மிதிக் கருவி) வயர்களைத் தலைகீழாக மாட்டியதால் பிறந்தது. அந்தப் பாழ்வெளிக்குள் மறுபடியும் அதே பியானோச் சொட்டு விழும். முதல் முறை இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டபோது அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. இன்றும் அடைக்கிறது.

பாட்டு நால்வர் பெயரிலும் வந்திருக்கிறது. என் முழு வாதமும் அதில்தான் இருக்கிறது, கீழே வருகிறேன்.

"கம்ஃபர்டப்லி நம்" பாட்டின் கிட்டார் சோலோவைவிடவா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. 1979 நவம்பர் 30 அன்று வந்த "த வால்" ஆல்பத்தின் இந்தப் பாட்டில் கில்மோர் இரண்டு இடத்தில் தனியாக வாசிக்கிறார். பாதியில் வருவது சிறியது, முடிவில் வருவது நீண்டது. ராக் இசையின் தலைசிறந்த கிட்டார் வாசிப்பு எது என்று யார் பட்டியல் போட்டாலும் இரண்டாவது அதில் இருக்கும். ஒரே மூச்சில் வந்த வாசிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்தாறு முறை வாசித்துப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக அமைந்த துண்டுகளைக் குறித்துவைத்து, அவற்றைக் கோத்து உருவாக்கியது அது. அதனால் என் கண்ணில் அதன் மதிப்பு கூடத்தான் செய்கிறது. எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிந்திருப்பதும் இசைதான்.

மெட்டு, கில்மோர் தன் தனி ஆல்பத்துக்காகப் போட்டு மிச்சம் வைத்திருந்தது. வரிகள் வாட்டர்ஸுடையவை: 1977-இல் ஃபிலடெல்ஃபியா நிகழ்ச்சிக்கு முன் வயிற்றுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டு, கை மரத்துப்போன நிலையில் மேடையேறிய அனுபவம். பாட்டுக்கு எந்த வடிவம் என்பதில் இருவரும் கடுமையாக மோதினார்கள். மைக்கேல் கேமன் அமைத்த ஆர்கெஸ்ட்ராவோடு மெத்தென்று இருக்கவேண்டும் என்றது ஒரு பக்கம், கரடுமுரடாக இருக்கவேண்டும் என்றது இன்னொரு பக்கம். இறுதியில் இரண்டையும் ஒட்டினார்கள். மருத்துவரின் குரலாக வாட்டர்ஸ் பாடும் இடமும், மயக்கத்தில் மிதப்பவனின் குரலாகக் கில்மோர் பாடும் இடமும் இவ்வளவு வேறுபட்டிருப்பது அந்த மோதலின் பலன்.

எனக்கு இது மூன்றாமிடம். சோலோவை மட்டும் பார்த்தால் முதலிடம்தான், மறுக்கவில்லை.

வாட்டர்ஸ் பெரியவரா, கில்மோர் பெரியவரா?

இதில்தான் நட்புகள் முறிகின்றன. வாட்டர்ஸ் இல்லாவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்பது ஒரு கட்சி. கில்மோர் இல்லாவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்பது மறு கட்சி. இரண்டு கட்சியும் பாட்டின் கீழே யார் பெயர் போட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

"த வால்" ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 26 பாடல்கள். பெரும்பாலும் வாட்டர்ஸின் தனி உழைப்பு. இயற்றியவர் பட்டியலில் கில்மோர் பெயரும் சேர்ந்து வருவது மூன்றில் மட்டும்: "யங் லஸ்ட்", "கம்ஃபர்டப்லி நம்", "ரன் லைக் ஹெல்". மேடையில் கூட்டம் எழுந்து நின்று கேட்பவை எவை என்று பாருங்கள். "டார்க் சைட்" ஆல்பத்தில் நால்வர் பெயரும் உள்ள ஒரே பாட்டு "டைம்". அந்த ஆல்பத்தில் பலரும் முதலில் சொல்வதும் அதுதான். "டாக்ஸ்", "விஷ் யூ வேர் ஹியர்" இரண்டும் வாட்டர்ஸும் கில்மோரும் சேர்ந்து போட்டவை. "ஷைன் ஆன்" பாட்டின் பெரும்பகுதியில் கில்மோர், வாட்டர்ஸ், ரைட் மூவரும் இருக்கிறார்கள். இவர்கள் ஒருவரை ஒருவர் இழுத்துப் பிடித்த இடத்தில்தான் உச்சம் வந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரிந்த பிறகு இருவருமே நல்ல பாட்டுகள் செய்தார்கள். இன்னொரு "எக்கோஸ்" வரவில்லை.

இதற்கு விலக்கு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. "பிரெயின் டேமேஜ்", "எக்லிப்ஸ்" இரண்டும் வாட்டர்ஸ் தனியாக இயற்றியவை, அவற்றை என் முதல் பத்தில் வைக்க முடியாமல் போனது எனக்கே வருத்தம்.

ரிச்சர்ட் ரைட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்? அவர் பின்னால் உட்கார்ந்து கீபோர்டு வாசித்தவர்தானே?

அப்படி நினைப்பதால்தான் பட்டியல்கள் தவறிப்போகின்றன. ரசிகர்கள் பாட்டை எடைபோடும்போது வரிகளைப் பார்ப்பார்கள், கிட்டாரைப் பார்ப்பார்கள். இந்த இரண்டையும் சுமந்து நிற்கும் சூழலை யார் உண்டாக்கினார் என்று கேட்பதில்லை.

"அஸ் அண்ட் தெம்" அவருடைய பியானோ மெட்டு. அன்டோனியோனியின் "ஸப்ரிஸ்கி பாயிண்ட்" படத்துக்காக வாசித்தது. இயக்குநர் வேண்டாம் என்றுவிட்டார். மூன்று வருடம் கிடப்பில் கிடந்து, வாட்டர்ஸின் வரிகளோடு "டார்க் சைட்" ஆல்பத்துக்குள் வந்தது. "த கிரேட் கிக் இன் த ஸ்கை" பாட்டின் பியானோவும் அவருடையதே. அதன்மேல் க்ளேர் டோரி என்ற பாடகி வார்த்தையே இல்லாமல் அழுது, கெஞ்சி, அடங்கிப் பாடியது 1973 ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சம்பளம் 30 பவுண்டு. மெட்டை அந்த இடத்திலேயே உருவாக்கியவர் தானும்தான் என்று பின்னர் வழக்குத் தொடுத்தார்; 2005-இல் சமரசமாகி, இயற்றியவராக அவர் பெயரும் சேர்ந்தது. அது நியாயம். அந்தப் பாட்டில் அவர் குரலை எடுத்துவிட்டு யார் கேட்பார்கள்?

"டைம்" பாட்டில் வரும் மென்மையான இடைப்பகுதியைப் பாடுபவரும் ரைட்தான். பிங்க் ஃபிளாய்டு ஆல்பத்தில் அடுத்து அவர் முதன்மைக் குரலாகப் பாடியது 1994-இல். நடுவில் இருபத்தோரு வருட மௌனம். 1977-இல் வந்த "அனிமல்ஸ்" ஆல்பத்தில் இயற்றியவராக அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் "ஷீப்" பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்த எலக்ட்ரிக் பியானோவைக் கேளுங்கள், மாலைப்புல்வெளியில் ஏதோ நெருங்குகிறது என்ற அச்சம் முழுவதும் அவர் விரலில் இருந்து வருகிறது. "த வால்" பதிவின்போது வாட்டர்ஸின் நெருக்குதலால் வெளியேற்றப்பட்டார். அந்த ஆல்பத்தின் மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். தான் உருவாக்கிய குழுவில் சம்பளக்காரராக ஒருவர் நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. 2008 செப்டம்பரில் இறந்தார்.

"மணி", "அனதர் பிரிக்" இரண்டும் உலகமே அறிந்தவை. தீவிர ரசிகர்கள் ஏன் கீழே தள்ளுகிறார்கள்?

அதிகம் கேட்டுச் சலித்துவிட்டதால். அது பாட்டின் குற்றம் ஆகாது.

"மணி" ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. மிஸ்ர சாபுவில் பழகிய காதுக்கு ஏழு புதிதல்ல. மேற்கத்திய ராக்கில் அது அரிது. நாணயம் குலுங்குவதும் கல்லாப்பெட்டி திறப்பதும் காகிதம் கிழிவதுமான ஒலிகளை டேப்பில் வெட்டி ஒட்டித் தாளமாக்கினார்கள். சாக்ஸஃபோன் வரை ஏழிலேயே போய், கிட்டார் சோலோ வந்ததும் நாலுக்கு மாறும். அந்த மாற்றத்தில் கால் தானாகத் தரையைத் தட்டும். இதைப் பதினைந்தாவது இடத்துக்குள் வைக்காதவர் மறுபடி ஒருமுறை கேட்கவேண்டும்.

"அனதர் பிரிக்" இரண்டாம் பாகத்தில் பாடுகிற பிள்ளைகள் லண்டனின் இஸ்லிங்டன் கிரீன் பள்ளி மாணவர்கள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் பாகுபாடான கல்வியை எதிர்த்து இதைப் பாடினார்கள். 1980-இல் அங்கே தடை செய்தார்கள். தடைசெய்ய வேண்டிய அளவுக்கு ஒரு அரசை அஞ்சவைத்த பாட்டை, வானொலியில் அதிகம் போட்டார்கள் என்பதற்காகக் கீழே தள்ள எனக்கு மனம் வராது.

சிட் பாரெட்டின் பாடல்களை அதே பட்டியலில் வைப்பது சரியா?

சரி. "அது வேறு குழு" என்று தனிப்பட்டியல் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பாரெட்டுக்கு ஆறுதல் பரிசு கொடுத்து ஓரத்தில் உட்காரவைத்தது போல ஆகிவிடும். 1967-இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு "ஆஸ்ட்ரானமி டாமினி". மெகாஃபோனில் கோள்களின் பெயரை வாசிப்பது அப்போதைய மேலாளர் பீட்டர் ஜென்னர். விண்வெளியை ஒலியாக்கலாம் என்று இந்தக் குழுவுக்குக் காட்டியது அந்தப் பாட்டு.

1975 ஜூன் 5 அன்று, லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் "ஷைன் ஆன்" வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த, பருத்த உடம்புக்காரர் ஒருவர் உள்ளே வந்து நின்றார். பழைய நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அது பாரெட். தன்னைப் பற்றிய பாட்டு தயாராகும் அறைக்குள் அவராகவே வந்திருந்தார். இந்தக் குழுவின் கதையில் இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"டாக்ஸ்" இவ்வளவு மேலே ஏன்? பதினேழு நிமிடம் நாயைப் பற்றிக் கேட்கவேண்டுமா?

நாயைப் பற்றியது அல்ல. முதுகில் குத்தி முன்னேறி, கடைசியில் யாருமில்லாமல் மூழ்கிப்போகும் வியாபாரியைப் பற்றியது. 1974-இலேயே வேறு பெயரில் மேடையில் வாசித்து வந்தார்கள். முன்பாதியைக் கில்மோர் பாடுகிறார், முடிவை வாட்டர்ஸ் எடுத்துக்கொள்கிறார். முதல் முறை பிடிக்காமல் போனால் கவலைப்படாதீர்கள், எனக்கும் நாலைந்து முறை ஆனது.

கடைசி இடம்?

"மெடில்" ஆல்பத்தின் "சீமஸ்". நாய் ஊளையிடுகிறது, இரண்டு நிமிடத்தில் முடிகிறது. "எக்கோஸ்" இருக்கும் அதே தட்டில்! ஏறக்குறைய எல்லாக் கட்சியும் ஒத்துப்போகும் ஒரே இடம் இது.

வாட்டர்ஸ் போன பிறகு வந்தவற்றில் எதுவும் தேறாதா?

தேறும். 1994-இல் வந்த "த டிவிஷன் பெல்" ஆல்பத்தின் கடைசிப் பாட்டு "ஹை ஹோப்ஸ்" எந்தப் பட்டியலிலும் முதல் இருபதுக்குள் வரத்தக்கது. தேவாலய மணியில் தொடங்கி, இழந்த இளமையைத் திரும்பிப் பார்க்கும் பாட்டு. முடிவில் கில்மோர் வாசிக்கும் ஸ்லைடு கிட்டார் ஒன்றுக்காகவே கேட்கலாம்.

ஸ்டுடியோ வடிவத்தைக் கணக்கில் எடுப்பதா, மேடை வடிவத்தையா?

இரண்டையும் கேளுங்கள், ஆனால் ஸ்டுடியோ வடிவத்துக்கு மதிப்பெண் போடுங்கள். ஒரு விதிவிலக்கு: 1971 அக்டோபரில் இத்தாலியின் பொம்பெய் நகரத்துப் பழங்கால அரங்கில், பார்வையாளர் இல்லாமல் படம்பிடித்தது. வெயிலில் காய்ந்த வெறுங்கல் படிகளைப் பார்த்து நால்வர் "எக்கோஸ்" வாசிக்கிறார்கள்.

உங்கள் பத்து?

"எக்கோஸ்", "ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்" ஒன்பது பாகமும், "கம்ஃபர்டப்லி நம்", "டைம்", "டாக்ஸ்", "அஸ் அண்ட் தெம்", "விஷ் யூ வேர் ஹியர்", "த கிரேட் கிக் இன் த ஸ்கை", "ஆஸ்ட்ரானமி டாமினி", "ஷீப்". நாலும் ஐந்தும் எனக்குள் மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறும். முதல் மூன்று மாறியதில்லை.

புதிதாகக் கேட்கிறவர் "எக்கோஸ்" பாட்டிலிருந்தே தொடங்கலாமா?

வேண்டாம். "விஷ் யூ வேர் ஹியர்" ஆல்பத்தை ஒரு முழு மாலை ஒதுக்கிக் கேளுங்கள். பிறகு "டார்க் சைட்" ஆல்பத்தை நடுவில் நிறுத்தாமல், 43 நிமிடமும். அதற்குப் பிறகு "எக்கோஸ்", இரவில், தனியாக.

"எக்கோஸ்" இனி மேடையில் கேட்கக் கிடைக்குமா?

கில்மோரிடமிருந்து கிடைக்காது. 2006-இல் தன் தனிச் சுற்றுப்பயணத்தில் ரைட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார்; அந்த ஆகஸ்டில் போலந்தின் குடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வாசித்த பதிவு இருக்கிறது, இருவரின் குரலும் முதுமை ஏறி, இன்னும் பிரியாமல் ஒலிக்கும். ரைட் போன பிறகு அவர் இல்லாமல் அதை வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். மேசன் மட்டும், பழைய பாட்டுகளை வாசிப்பதற்கென்றே அமைத்த தன் குழுவோடு 2022-இல் அதை மறுபடி மேடையேற்றினார். முதல் சொட்டு விழுந்ததும் கூட்டம் எழுப்பும் சத்தத்தை அந்தப் பதிவுகளில் கேட்கலாம்.